ஏழு நாள், ஆறு பப், ஒரு சொட்டுகூட இல்லை

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கொள்கை, விரதம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாடையே ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் இங்கிலாந்துக்குப் போய் ஒரு வாரத்தில் ஆறு பப்புகளில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்றால் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. அதனால் ராத்திரி படுக்கும் முன் கைப்பேசியில் குறித்து வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன். விசா, விமான டிக்கெட் புராணம் இதில் இல்லை.

அக்டோபர் 8, புதன். லண்டன்

அக்கா வீடு ஈஸ்ட் ஹாமில். வந்த இரண்டு நாளும் தூங்குவதும் அக்கா வைத்த ரசத்தைக் குடிப்பதுமாகக் கழிந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தே? போய் நாலு இடம் பாரு" என்று இன்று காலை துரத்திவிட்டாள். அக்கா மகனுக்கு லண்டன் வங்கிப் பேட்டையில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வரச் சொல்லியிருந்தான்.

கிரேஸ்சர்ச் தெருவில் பெரிய கல் கட்டடம் ஒன்றின் வாசலில் நின்றிருந்தான். இவன் வேலை செய்யும் வங்கி போலிருக்கிறது என்று நினைத்தேன். பாதி சரி. 1913-இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி தன் லண்டன் அலுவலகத்துக்காகத் திறந்த கட்டடம் அது. இப்போது பப். பெயர் கிராஸ் கீஸ். அந்தப் பக்கத்தில் முன்னொரு காலத்தில் இருந்த குதிரைவண்டிச் சத்திரத்தின் பெயராம். நடத்துவது ஜே.டி. வெதர்ஸ்பூன். நாட்டில் சுமார் 800 பப்புகள் வைத்திருக்கும் கம்பெனி. மருமகன் வயதுக்காரர்கள் 'ஸ்பூன்ஸ்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள்.

உள்ளே பளிங்குத் தூண்கள், எட்டாத உயரத்தில் கூரை, நடுக்கூடத்தில் நாலு பக்கமும் ஆட்கள் சூழ்ந்து நிற்கும் கவுண்டர். கல்யாண மண்டபத்தில் பந்தி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எழும் இரைச்சல் இருக்குமே, அதே இரைச்சல். ஏதோ ஒன்று குறைகிறதே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பாட்டு இல்லை! "இந்தக் கம்பெனி பப்புல பெரும்பாலும் பாட்டு போடமாட்டாங்க மாமா, பேசறதுக்குன்னுதான் பப்பு" என்றான்.

சாப்பாடு வருவதற்குள் கதையையும் சொன்னான். டிம் மார்ட்டின் என்பவர் சட்டம் படித்தவர். 1979 டிசம்பரில் வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில், அதற்கு முன்பு பந்தயப் பணம் கட்டும் கடையாக இருந்த இடத்தில் முதல் பப்பைத் தொடங்கினார். வெதர்ஸ்பூன் என்பது அவர் சிறுவயதில் நியூசிலாந்தில் படித்தபோது இருந்த ஒரு ஆசிரியரின் பெயர். வகுப்பை அடக்கத் தெரியாத வாத்தியாராம். முன்னால் உள்ள ஜே.டி. ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரத்திடமிருந்து வந்தது. பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டு முழித்த ஒரு வாத்தியாருக்கு நாடு முழுக்க 800 பெயர்ப் பலகை! பிரெக்ஸிட் சமயத்தில் மார்ட்டின், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேற வேண்டும் என்ற கட்சி. பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையிலேயே பிரசாரத்தை அச்சடித்துவிட்டார். மருமகனோடு வேலை செய்யும் ஒருவர் அன்றிலிருந்து இந்த வாசலை மிதிப்பதில்லை. மற்றவர்கள் விலையைப் பார்த்துவிட்டுக் கொள்கையை வெளியே குடையோடு வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்கள் என்றான்.

காப்பி நானே வாங்குகிறேன் என்று எழுந்து போனேன். கவுண்டரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்கள் அகலவாக்கில் பரவி நிற்கிறார்கள். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, சிரித்து, பக்கத்தில் இடம் விட்டார். கவுண்டர்ப் பெண் அடுத்தது யார் என்று கேட்டதும், எனக்கு இடப்பக்கம் நின்ற கோட்டு போட்ட ஆளின் முறை போலத்தான் தெரிந்தது, ஆனால் அவர் என்னைக் கை காட்டி "இவர் எனக்கு முன்னால்" என்றார். வரிசை அவர்கள் தலைக்குள் இருக்கிறது. நான் வந்து நின்ற நொடியை அவர் குறித்து வைத்திருக்கிறார்.

மேசை எண் என்ன என்றாள் அந்தப் பெண். எனக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதுவரை அந்தக் கோட்டுக்காரர் காத்திருந்தார்.

இங்கே மேசை எண்தான் எல்லாம். ஒவ்வொரு மேசையிலும் எண் பதித்திருக்கிறது. செயலியில் பப்பையும் எண்ணையும் தட்டிப் பணம் கட்டினால் பண்டம் மேசைக்கு வந்துவிடும். கட்டுகிறவர் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் இளவட்டங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். தன் பப் பெயரையும் மேசை எண்ணையும் இணையத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ எதையாவது அனுப்புவார்கள். பெரும்பாலும் ஒரு கிண்ணம் வேகவைத்த பச்சைப் பட்டாணி. "சும்மா கடுப்பேத்தத்தான் மாமா" என்றான். நான் நம்பவில்லை.

காப்பிக்கு ஒன்றரை பவுண்டை ஒட்டி ஆனது. காலிக் கோப்பையைத்தான் தருகிறார்கள். நாமே மெஷினில் பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும். மூன்று தடவை பிடித்தேன்.

அக்டோபர் 9, வியாழன். டன்பிரிட்ஜ் வெல்ஸ்

சேரிங் கிராஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கெண்ட் மாவட்டத்துப் பணக்கார ஊர் ஒன்று. 1909-இல் ஏழாம் எட்வர்ட் 'ராயல்' பட்டம் கொடுத்ததை இன்னும் பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள். நான் எடுத்த விடுதி மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அறைக்கு ஹீட்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வேலை செய்யும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். மணி இரண்டு. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் மூக்கு நுனி சில்லிட்டது. வேறு வழியில்லாமல் குளிருக்கு ஒதுங்க இடம் தேடிப் போனேன். போன இடம் ஓபரா ஹவுஸ்.

நிஜமாகவே ஓபரா அரங்கம்தான். 1902-இல் கட்டியது. அப்புறம் சினிமாக் கொட்டகை ஆனது, அதற்கப்புறம் பிங்கோ ஆடும் கூடம். 1990-களில் வெதர்ஸ்பூன் எடுத்துப் பப் ஆக்கியது. கட்டடத்தை இடிக்கவில்லை. பால்கனி அப்படியே வளைந்து நிற்கிறது. பக்கவாட்டில் பிரபுக்கள் உட்காரும் மாடங்கள், பூவேலை செய்த சுதைச் சுவர். கீழே தரை டிக்கெட்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் கவுண்டர். மேடை மேல் மேசை நாற்காலி. சில வருடங்களில் ஒரே ஒரு நாள் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு இங்கே மறுபடி ஓபரா பாடியிருக்கிறார்கள்.

எனக்கு இடம் கிடைத்தது மேடையில். படியேறிப் போய் உட்கார்ந்ததும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. எதிரே இருட்டில் பால்கனி நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாக என்னையே பார்க்கின்றன. ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவில் வீரபாண்டிய கட்டபொம்மனாக ஏறி, இரண்டாவது வசனத்தில் நின்றுபோனவன் நான். இத்தனை வருடம் கழித்து மறுபடி மேடை, இந்த முறை கையில் மெனு அட்டை.

வியாழக்கிழமை இங்கே 'கறி கிளப்'. புதன் கோழி, வெள்ளி மீன் என்று கிழமைக்கு ஒரு விருந்து வைத்திருக்கிறார்கள். வியாழன் நம் பக்கத்துச் சாப்பாடு. மெனுவில் காரத்துக்கு ஏற்ப மிளகாய்ப் படம். எல்லாப் பண்டத்துக்கும் கீழே கலோரி. பெரிய உணவகங்கள் கலோரியைப் போட்டே ஆக வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் சட்டம். கணக்கைப் படித்துக்கொண்டே நான் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடுகிறார்கள், அது வேறு விஷயம். பட்டியலில் 'மெட்ராஸ்' என்று ஒன்று. நாம் 1996-இலேயே ஊர்ப் பெயரை மாற்றிவிட்டோம், குழம்புக்கு இன்னும் அரசாணை வந்து சேரவில்லை. அதுவும் மாட்டிறைச்சியில். மெட்ராஸில் பிறந்து வளர்ந்த என் அக்காவே அப்படி ஒரு குழம்பு வைத்ததில்லை.

வியாழக்கிழமை நான் கவிச்சி தொடுவதில்லை. அதனால் மங்களூர் காலிஃபிளவர் கறி. கவுண்டரில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. மஞ்சள் சோறு ஒரு பக்கம், தேங்காய்ப்பால் குழம்பில் காலிஃபிளவரும் கீரையும் ஒரு பக்கம், மேலே மடித்துப் போட்ட நான் ரொட்டி, நம் உள்ளங்கை அளவில் இரண்டு அப்பளம், சின்னக் கிண்ணத்தில் மாங்காய்த் தொக்கு மாதிரி ஒன்று. ஆனால் இனிப்பு. அப்பளத்தை 'பாப்படம்' என்று போட்டிருந்தார்கள். கேரளக் கப்பலில் ஏறிப் போன சொல் இன்னும் கடற்கரை வாடை மாறாமல் இருக்கிறது. மங்களூர்க்காரர் யாரும் இந்தக் குழம்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் அன்று அந்தக் குளிருக்கு, சூட்டோடு, தேங்காய் வாசனையோடு, நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். குடிக்க ஒரு பானமும் சேர்த்துப் பத்துப் பவுண்டைச் சுற்றி வந்தது. நூற்றுப் பதினைந்தால் பெருக்கிப் பார்க்கும் வியாதி வெளிநாட்டுக்கு வந்த எல்லோருக்கும் உண்டு. நான் பெருக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பக்கத்து மேசையில் எழுபது தாண்டிய தம்பதி. அந்த அம்மா ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் வீட்டிலும் இப்படித்தான் சாப்பிடுவீர்களா?" சோறும் ரொட்டியும் ஒரே வேளைக்குச் சேர்த்துச் சாப்பிட மாட்டோம், இரண்டில் ஒன்றுதான் என்றேன். கணவர் அதிர்ந்துபோனார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது அந்த அம்மா பால்கனியின் இரண்டாவது வரிசையில் ஒரு மூலையைக் காட்டினார். இது சினிமாக் கொட்டகையாக இருந்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறாராம். இவரோடா என்று கணவரைக் காட்டிக் கேட்டேன். "இல்லை, இவருடைய அண்ணனோடு" என்றார். கணவர் நானைத் தொக்கில் தோய்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி. டன்பிரிட்ஜ் வெல்ஸ்

நாள் முழுக்கத் தூறல். மழை என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குடை பிடித்தால் காற்று பிடுங்குகிறது, மடக்கினால் நனைகிறோம்.

பான்டைல்ஸ் என்ற பழைய கடைத்தெரு அழகு. அதன் கோடியில்தான் ஊருக்குப் பெயர் கொடுத்த இரும்புச் சத்து ஊற்று. 1606-இல் நார்த் பிரபு கண்டுபிடித்தது. தண்ணீர் மொண்டு கொடுக்கும் பெண்கள் கோடையில்தான் இருப்பார்களாம். துருப்பிடித்த நிறத்தில் இருந்த தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மதியம் வேறொரு பப்புக்குப் போனேன். தனியார் பப், கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து, மெழுகுவத்தி. மாவு ஓட்டுக்குள் குழம்பு வைத்துச் சுடும் பை (pie) கேட்டேன். வந்தது ஒரு குட்டிச் சட்டிக்கு மேல் மாவு மூடி. மூடியைத் தூக்கினால் உள்ளே கொதிக்கும் குழம்பு, அடியில் பையே இல்லை. விலை நேற்றுச் சாப்பிட்டதைப் போல இரண்டு மடங்கு. சாப்பிட்டு முடித்த இரண்டாவது நிமிடம் தட்டை எடுத்துக்கொண்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார்கள். அது எழுந்திரு என்பதற்கு அவர்கள் மரியாதை பாஷை. எழுந்தேன். மணி ஒன்றரை. அறையில் ஹீட்டர் வர இன்னும் நாலரை மணி நேரம்.

மறுபடி ஓபரா ஹவுஸ். ஒரு காப்பிக் கோப்பையோடு ஆறு மணி வரை மேடையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி. விட்ஸ்டபிள்

தண்டவாள வேலை. ரயில் பக்கத்து ஊரான வெறும் டன்பிரிட்ஜோடு (Tonbridge) சரி, அங்கிருந்து ஆஷ்ஃபோர்டு வரைக்கும் பேருந்து. வாரக் கடைசியில் இது சகஜமாம். யாரும் சத்தம் போடவில்லை. பெருமூச்சு விடுவதற்கே ஒரு தேசியப் பாணி வைத்திருக்கிறார்கள். பேருந்து மார்டன், ஸ்டேபிள்ஹர்ஸ்ட், ஹெட்கார்ன் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலுக்கும் போய் வளைந்து திரும்பியது. எனக்கு லாபம்தான். வழியெல்லாம் செங்கல்லில் கட்டிய உருண்டைக் கோபுரங்கள், உச்சியில் சாய்ந்த வெள்ளைக் குல்லாய். பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவை உலர்த்திய சூளைகள். பல இடங்களில் இப்போது வீடாக மாற்றிக் குடியிருக்கிறார்கள். பக்கத்து சீட்டுப் பாட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று, முன் சீட்டுக்காரருக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று அனுப்பினார். ஆஷ்ஃபோர்டு வரை ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் மூன்று மணி நேரம் ஆனது.

விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பெயர்போன கடற்கரை. ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' எழுத்து வந்தால்தான் நாட்டுச் சிப்பி சாப்பிடுவார்கள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. துறைமுகத்தில் ஒன்று வாங்கி, எலுமிச்சை பிழிந்து, கண்ணை மூடி விழுங்கினேன். கடலில் குளிக்கும்போது தெரியாமல் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போகுமே, கிட்டத்தட்ட அதுதான். இரண்டாவது வாங்கவில்லை.

சாயங்காலம் பீட்டர் குஷிங். டிராகுலாவை விரட்டும் வான் ஹெல்சிங்காகவும் ஷெர்லக் ஹோம்ஸாகவும் நடித்தவர், இந்த ஊரில் பல வருடம் குடியிருந்தவர், 1994-இல் காலமானார். அவர் பெயரில் பப். அதுவும் பழைய சினிமாக் கொட்டகையில். திரைப்படக் கருவிகள், போஸ்டர்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் தரையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கிராஸ் கீஸில் பார்த்த கம்பளம் இல்லை இது, ஓபரா ஹவுஸில் பார்த்ததும் இல்லை. கவுண்டர்ப் பையனைக் கேட்டேன். ஒவ்வொரு பப்புக்கும் தனி வடிவம் வரைந்து, அந்தக் கட்டடத்தின் பழைய கதையை ஒட்டித் தனியாக நெய்து போடுவார்களாம். டெவன் பக்கம் ஆக்ஸ்மின்ஸ்டரில் நெய்தவை ரொம்பப் பிரசித்தம். கம்பளத்தைப் படமெடுத்துச் சேர்க்கிறவர்களே இருக்கிறார்கள் என்றான். நானும் குனிந்து ஒன்று எடுத்தேன். நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்து ஒரு பெரியவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு. ராம்ஸ்கேட்

வெயில்! ஐந்து நாளில் முதல் முறை. கடலோரமாகவே ரயில், மார்கேட் தாண்டி ராம்ஸ்கேட். ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு இறங்கி நடக்க அரை மணி நேரம். பிரிட்டனில் பெயரில் 'ராயல்' உள்ள ஒரே துறைமுகம் இது, நான்காம் ஜார்ஜ் கொடுத்தது. 1940-இல், உலகப் போரில், பிரான்சின் டன்கர்க்கில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களை அழைத்துவரச் சின்னச் சின்னப் படகுகள் கிளம்பிய கரைகளில் ஒன்று.

மணலை ஒட்டி வெள்ளை வெளேரென்று ராயல் விக்டோரியா பெவிலியன். 1904-இல் திறந்த கச்சேரி மண்டபம். கடைசியாகச் சூதாட்ட விடுதியாக இருந்து 2008-இல் மூடி, கிட்டத்தட்டப் பத்து வருடம் பாழாய்க் கிடந்தது. 2017-இல் வெதர்ஸ்பூன் பழுதுபார்த்துத் திறந்தது. அவர்களுடைய பப்புகளிலேயே பெரியது. உள்ளே நின்று பார்த்தால் எதிர்ச் சுவரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. கழிப்பறை இங்கே ஒரு யாத்திரை. வெதர்ஸ்பூன் என்றாலே கழிப்பறை தூரம் என்று நாடே சிரிக்கிறது. என் மேசையிலிருந்து எண்ணிக்கொண்டே போனேன், 140 காலடி. பழைய கட்டடத்தில் குழாய் எங்கே போகிறதோ அங்கேதானே வைக்க முடியும். திரும்பி வரும்போது வழி தவறி, யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கூட்டத்துக்குள் போய்விட்டேன். வாழ்த்திவிட்டு வந்தேன்.

வெளியே கடலைப் பார்த்த மேசையில் மீனும் சிப்ஸும் வாங்கினேன். இங்கே சிப்ஸ் என்பது நம் உருளை வறுவல் இல்லை, விரல் தடிமனில் பொரித்த கிழங்கு. மீன் என் முழங்கை நீளம், பொன்னிற மாவுச் சட்டை, கத்தி பட்டதும் நொறுங்குகிறது. பக்கத்தில் பச்சைப் பட்டாணி. இதைத்தானே மருமகன் சொன்னான் என்று சிரித்துக்கொண்டே படமெடுக்கக் கைப்பேசியை எடுத்தேன். அந்த நொடி தோளுக்கு மேல் ஒரு காற்று, ஒரு மஞ்சள் அலகு, பாதி மீன் காணோம். கடற்காகம். காகம் என்று பெயரே தவிர, உடம்பு ஒரு கோழி அளவு. கையை ஓங்கினேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், "அடித்துவிடாதீர்கள். இங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உங்களுக்குக் கிடையாது" என்றார்.

மீதிப் பாதியைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மருமகனுக்குப் படம் அனுப்பினேன். எந்த மேசை மாமா என்று கேட்டான். சொன்னேன். கால் மணி நேரத்தில் ஒரு பெண் தட்டோடு வந்து, என் முன்னால் ஒரு கிண்ணம் பட்டாணியை வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் இன்னொரு கிண்ணம். மூன்றாவது வந்தபோது அவளே சிரித்துவிட்டாள். "யாரோ உங்கள்மேல் ரொம்பப் பாசமாக இருக்கிறார்கள்" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள். ராம்ஸ்கேட்

காலை எட்டரைக்குப் போனேன். பப்பில் காலை எட்டரைக்கு என்ன கூட்டம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஜன்னல் ஓர மேசை எல்லாவற்றிலும் ஆள். ஒருவர் கையிலும் பீர் இல்லை. ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னுகிறார். குழந்தை வண்டியோடு ஒரு அம்மா. ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டியை மடித்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். கடலைப் பார்த்த 61-ஆம் மேசையில் நேற்றுக் கடற்காகச் சட்டம் சொன்ன பெரியவர். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

இளவயதில் அவருக்கு வேலை பக்கத்திலுள்ள பெக்வெல் விரிகுடாவில். ஹோவர்கிராஃப்ட் நிலையத்தில் மூட்டை ஏற்றுவது. தண்ணீர் மேல் காற்று மெத்தையில் போகும் வண்டி. 1969-இலிருந்து அங்கிருந்து பிரான்சின் கலேவுக்கு நாற்பதே நிமிடத்தில் போகுமாம். "காரை ஏற்றிவிட்டு ஒரு சிகரெட் பிடிப்பதற்குள் பிரான்ஸ்" என்றார். சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அதனால்தான் பாட்டு இல்லாத பப்பாகத் தேடி வருகிறார். பாட்டு போட்டால் ஒரு காதுக்காரனுக்கு எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. கடலுக்கு அடியில் சுரங்கப் பாதை வருவதற்கு முன்பே பெக்வெல் நிலையம் மூடிவிட்டது. இப்போது அங்கே சிமென்ட் தரையில் புல் முளைத்திருக்கிறதாம்.

இந்தக் கட்டடம் சூதாட்ட விடுதியாக இருந்தபோது ஒரே ஒரு தடவை உள்ளே வந்தாராம். பத்து பவுண்டு போனது. மூடிக் கிடந்த வருடங்களில் வெளியே நடந்து போவார், ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே வரும். திறந்த பிறகு பெரும்பாலும் தினமும் வருகிறார், எட்டேகாலுக்கு வந்து பத்துக்குப் போவார். வீட்டில் ஹீட்டரைப் பத்து மணிக்குத்தான் போடுகிறார் என்பதைத் தானாகச் சொல்லவில்லை. நான் என் விடுதியின் ஆறு மணி ஹீட்டர் கதையைச் சொன்னபோது, "என்னுடையது பத்து" என்றார், அவ்வளவுதான்.

அவர் காப்பி பிடிக்கும் விதத்தைப் பார்த்தேன். முதலில் கோப்பையில் வெந்நீர் பிடித்து, அதைச் சுற்றிவிட்டு ஊற்றினார். கோப்பை சூடாகிவிட்டது. அப்புறம் காப்பி பொத்தான். மெஷின் கொட்டையை அரைக்கிறது, இரண்டு தாரையாக விழுகிறது. பாதி நிறைந்ததும் நிறுத்தி, தட்டால் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். "முழுதாகப் பிடித்தால் பாதி ஆறிப் போகும். பாதி பாதியாகப் பிடித்தால் எப்போதும் சூடு" என்றார். நான் அதுவரை பதினைந்து கோப்பை குடித்திருப்பேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பட்டாணி விஷயத்தைச் சொன்னதும் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எனக்கு அனுப்புவதானால் பட்டாணி வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. ரொட்டியும் மார்மலேடும் அனுப்பு" என்றார். பத்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, கோப்பையை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். பின்னால் போய்ச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்ததா என்று யோசித்துக்கொண்டே நான் அரைக் கோப்பை பிடித்து வந்தேன். சூடாகத்தான் இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய். லண்டன்

நேற்று ராத்திரியே அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இன்று காலை மருமகன் வேலைக்குப் போகும் வழியில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஹாமில்டன் ஹாலுக்குக் கூட்டிப் போனான். கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டலின் நடனக் கூடமாக இருந்த இடம். பெயர் அந்த ரயில்வே கம்பெனியின் தலைவராக இருந்த கிளாட் ஹாமில்டன் பிரபுவினுடையது. கூரையில் பொன் வேலைப்பாடு, அதற்குக் கீழே பெட்டியோடும் பையோடும் நூறு பேர் முட்டை தின்றுகொண்டிருக்கிறார்கள். மருமகனும் முட்டை, பீன்ஸ், காளான் எல்லாம் உள்ள தட்டு வாங்கினான். எனக்குக் காப்பி. வெந்நீரில் கோப்பையை அலசி, பாதி பிடித்து, தட்டால் மூடிக் கொண்டுவந்தேன். "இது எங்க மாமா கத்துக்கிட்டீங்க?" என்றான்.

மணி எட்டே முக்கால். அவன் கைப்பேசியை வாங்கிச் செயலியைத் திறக்கச் சொன்னேன். பப் பெயரில் ராம்ஸ்கேட்டைத் தேட வைத்தேன். மேசை எண் 61. ரொட்டி, மார்மலேடு. பணத்துக்கு என் அட்டை.

"யாருக்கு மாமா?"

பெயர் கேட்க மறந்துவிட்டேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பட்டாணியும் சேர்க்கவா என்று கேட்டான். வேண்டாம், அவருக்கு ஆகாது என்றேன்.